சட்டை மாற்றும் கிருமி



காய்ச்சல் கண்டால் இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கிவிடும் என்று பொறுத்துப் பார்ப்பது நம் வழக்கம். பெரும்பாலும் இறங்கியும் விடுகிறது. உடம்பில் இருக்கும் காவல்படை, புகுந்த கிருமியை இனங்கண்டு அழித்துவிடுகிறது. ஆனால் எல்லாக் கிருமிகளும் இந்தக் காவலுக்குப் பிடிபடுவதில்லை. சில கிருமிகள் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில்கூட உடம்பிலேயே தங்கிவிடுகின்றன. இத்தனை காவல் இருந்தும் அவை எப்படித் தப்புகின்றன? அப்படித் தப்பும் கிருமி ஒன்றைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அது லைம் நோயின் கிருமி. எலுமிச்சம்பழத்துக்கும் இந்த நோய்க்கும் உறவு ஏதும் இல்லை. லைம் என்பது ஓர் ஊரின் பெயர்.

அமெரிக்காவின் வடகிழக்கில் கனெக்டிகட் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதே பெயருடைய ஆறு கடலில் கலக்கும் பகுதியில், ஆற்றின் கிழக்குக் கரையில் லைம், ஓல்டு லைம், ஈஸ்ட் ஹாடம் என்று மூன்று சிற்றூர்கள். 1970களில் மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய 12,000 பேர் வாழ்ந்தார்கள். முன்னொரு காலத்தில் அங்கே வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் இருந்தன. விவசாயம் கைவிடப்பட்ட பிறகு காடு திரும்ப வளர்ந்தது. காட்டோடு மான்களும் திரும்பி வந்தன. மனிதர்களோ அந்தக் காட்டு ஓரத்திலேயே வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு விளையாடும் இடம் மரத்தடியும் புல்வெளியும்தான்.

லைம் ஊரில் பாலி மரே என்ற தாய் ஒருவர் இருந்தார். 1960களிலிருந்தே அவருக்கு விளங்காத நோய்கள் வந்துகொண்டிருந்தன. தோலில் சிவந்த தடிப்பு, தலைவலி, மூட்டு வீக்கம், ஓயாத அசதி. டாக்டர் மாற்றி டாக்டராகப் பார்த்தார். இரத்தத்தைச் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். உடம்பில் நோய் இல்லை, எல்லாம் மனத்தில்தான் என்று சொன்னவர்களும் உண்டு. பின்னர் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அதே போல முழங்கால் வீங்கத் தொடங்கியது. அந்த அம்மையார் சோர்ந்து உட்காரவில்லை. யாருக்கு எந்த நாளில் என்ன வந்தது, எந்த மூட்டு வீங்கியது, எத்தனை நாள் இருந்தது என்று குறித்து வைத்தார். அக்கம்பக்கத்துத் தாய்மாரிடமும் விசாரித்தார். விசாரித்த இடத்தில் எல்லாம் முழங்கால் வீங்கிய பிள்ளைகள் இருந்தார்கள்.

1975ஆம் ஆண்டில் அவர் மாநிலச் சுகாதாரத் துறையிடம் இதைச் சொன்னார். அதே சமயத்தில் ஓல்டு லைமில் ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு தாயும் இதே புகாரைக் கொண்டு வந்தார். இவர் மகளுக்கும் அந்தப் பகுதிப் பிள்ளைகள் பலருக்கும் 'குழந்தை மூட்டுவாதம்' என்று டாக்டர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அந்த மூட்டுவாதம் அபூர்வமானது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாதது. ஒரே தெருவில் நாலு பிள்ளைகளுக்கு எப்படி வரும் என்பதே அந்தத் தாய்மாரின் கேள்வி. படித்த டாக்டர்கள் பலருக்கும் தோன்றாத கேள்வி அது.

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் ஸ்டீர் என்ற இளம் டாக்டர் இதை ஆராய வந்தார். மூன்று ஊர்களிலும் தேடிக் கணக்கெடுத்தபோது 51 பேர் கிடைத்தார்கள். அவர்களில் 39 பேர் பிள்ளைகள். ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரம் பேருக்கு நான்கு பேர் என்ற அளவுதான். ஆனால் நான்கு சாலைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு நோய் இருந்தது! நோய் பெரும்பாலும் கோடையிலும் கோடை முடியும் வேளையிலும் தொடங்கியது. ஏறக்குறைய கால்வாசிப் பேர், மூட்டு வீங்குவதற்கு முன்னால் தோலில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி அது வட்டமாக விரிந்துகொண்டே போனதாகச் சொன்னார்கள். இந்த விவரம் எல்லாம் 1977இல் வெளியாயிற்று.

அந்த வட்டம் ஐரோப்பிய டாக்டர்களுக்குப் புதிதல்ல. 1909இலேயே சுவீடன் நாட்டு டாக்டர் ஆர்விட் அஃப்சேலியுஸ், உண்ணி கடித்த ஒரு பெண்ணின் தோலில் அத்தகைய வட்டம் விரிந்ததைப் பற்றிப் பேசியிருந்தார். ஆகவே கனெக்டிகட்டிலும் உண்ணியின் மேல் சந்தேகம் விழுந்தது. ஆற்றின் இரு கரைகளிலும் உண்ணிகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். நோய் அதிகமாக இருந்த கிழக்குக் கரையில் உண்ணிகளும் மிக அதிகம். மேற்குக் கரையில் இரண்டுமே குறைவு. ஆனால் உண்ணிக்குள் இருப்பது என்ன என்று மட்டும் தெரியவில்லை. ஏதோ வைரஸ் என்று முதலில் எண்ணினார்கள்.

விடை கிடைத்தது 1981இல், வேறொன்றைத் தேடியபோது. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வில்லி பர்க்டார்ஃபர், மொண்டானா மாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் உண்ணிகளை அறுத்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர். நியூயார்க் மாநிலத்தின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளில் வேறொரு காய்ச்சலின் கிருமியைத் தேடினார். அது இல்லை. உண்ணியின் குடலில் மெல்லிய சுருள் கம்பி போன்ற கிருமிகள் மெதுவாக நெளிந்துகொண்டிருந்தன. 1982இல் செய்தி வெளியாயிற்று. இரண்டாண்டு கழித்து அந்தக் கிருமிக்கு அவர் பெயரையே சூட்டி, பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று அழைத்தார்கள். மிகச் சிறிய கிருமி. ஐம்பது கிருமிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்.

கிருமியைச் சுமக்கும் உண்ணியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு ஆண்டு ஆயுள். அந்த இரண்டு ஆண்டில் இது மூன்றே முறைதான் வயிறாரச் சாப்பிடுகிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு, கிருமி இல்லாமல்தான் பிறக்கிறது. அது முதன்முதலில் இரத்தம் குடிப்பது பெரும்பாலும் வெள்ளைக்கால் எலி என்ற காட்டு எலியிடம். அந்த எலியின் உடம்பில் கிருமி வாழ்நாள் முழுதும் குடியிருக்கும். எலிக்கோ ஒரு தொல்லையும் இல்லை, ஓடியாடித் திரியும். குஞ்சுக்குக் கிருமி கிடைப்பது அங்கேதான். மறு வருடம் அது சற்று வளர்ந்து இரண்டாம் பருவத்தை அடைகிறது. அப்போதும் அதன் அளவு ஒரு கசகசா விதைதான். கடித்தால் வலிக்காது, அரிக்காது. அது பிள்ளையின் அக்குளிலோ முழங்கால் மடிப்பிலோ தலைமயிருக்குள்ளோ ஒட்டிக்கொண்டு மூன்று நான்கு நாள் இரத்தம் குடித்துவிட்டு உதிர்ந்துவிடும். தாய்க்குத் தெரியவே தெரியாது. முழு வளர்ச்சி அடைந்த உண்ணி மானைத் தேடிப் போகும்.

சரி, கிருமி உடம்புக்குள் வந்துவிட்டது. உடம்பு என்ன செய்யும்?

நம் இரத்தத்தில் இரண்டு வகைக் காவல் உண்டு. ஒன்று, எப்போதும் தயாராக நிற்கும் காவல். காம்ப்ளிமெண்ட் என்று பெயர். பல புரதங்கள் சேர்ந்த கூட்டம். அந்நியமாக எதைக் கண்டாலும் அதன் மேல் ஒட்டி, தோலில் துளை போட்டுக் கொன்றுவிடும். அவ்வளவு கண்மூடித்தனமான காவல் என்றால் நம்முடைய சொந்த உறுப்புகளையே துளைத்துவிடாதா என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் நம் இரத்தத்தில் ஃபாக்டர் எச் என்ற இன்னொரு புரதம் ஓடுகிறது. நம்முடைய உயிரணுக்கள் அதைப் பிடித்துத் தம் மேல் வைத்துக்கொள்ளும். தோட்டத்து வேலைக்காரர் என்று காட்டப் பெயர் வில்லை குத்திக்கொள்வது போல. வில்லை இருந்தால் காவல் கை வைக்காது.

மற்றது, ஆள் பார்த்துப் பிடிக்கும் காவல். இதற்குப் பெயர் எதிர்ப்பொருள். புதிய கிருமி ஒன்று வந்தால் உடம்பு அதன் மேற்புறத்தைத் தடவிப் பார்க்கிறது. மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களின் வடிவத்தை அளவெடுக்கிறது. அந்த வடிவத்துக்குச் சரியாகப் பொருந்தும் எதிர்ப்பொருளைத் தயாரித்து இலட்சக் கணக்கில் அனுப்புகிறது. இதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். ஆனால் தயாராகிவிட்டால் கிருமிக்குத் தப்ப வழி இல்லை. இதில் ஒன்றை நினைவில் வையுங்கள். எதிர்ப்பொருள் பார்ப்பது கிருமி போட்டிருக்கும் சட்டையைத்தான். சட்டை மாறினால் எதிர்ப்பொருளுக்கு அடையாளம் தெரியாது. லைம் கிருமியின் பிழைப்பு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

உண்ணியின் குடலில் பட்டினியாகக் கிடக்கும்போது கிருமி ஒரு சட்டை போட்டிருக்கிறது. அந்தப் புரதத்துக்கு ஓஸ்ப்-ஏ என்று பெயர். குடல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்க உதவும் சட்டை அது. உண்ணி ஒரு பிள்ளையைக் கடித்து, சூடான இரத்தம் குடலுக்குள் இறங்கியதும் கிருமி விழித்துக்கொள்கிறது. ஓஸ்ப்-ஏ சட்டையைக் கழற்றிவிட்டு ஓஸ்ப்-சி என்ற வேறு சட்டையைப் போடுகிறது. பெருகுகிறது. குடலைத் துளைத்துக்கொண்டு வெளியேறி உண்ணியின் எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேருகிறது. அங்கிருந்துதான் மனித உடம்புக்குள் நுழைய முடியும். இந்தப் பயணத்துக்கு நேரம் பிடிக்கும். அதனால் உண்ணி ஒட்டிய உடனே நோய் ஏறிவிடுவதில்லை. பெரும்பாலும் ஒரு முழு நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டு இருந்தால்தான் ஏறும். அந்தப் பகுதித் தாய்மார் சாயங்காலம் பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது உடம்பு முழுவதையும் தடவிப் பார்க்கப் பழகிக்கொண்டதன் காரணம் இதுதான். கிருமி சட்டை மாற்ற எடுத்துக்கொள்ளும் நேரம், பிள்ளையைக் காப்பாற்றத் தாய்க்குக் கிடைக்கும் நேரம்.

எச்சில் சுரப்பியில் இன்னொரு உதவியும் காத்திருக்கிறது. உண்ணியின் எச்சிலில் சால்ப்-15 என்ற ஒரு புரதம் உண்டு. ஓஸ்ப்-சி சட்டை அதைப் பிடித்துத் தன் மேல் போர்த்திக்கொள்கிறது. கடித்த இடத்தில் காவலர்கள் கூடும்போது கிருமி உண்ணியின் எச்சிலைப் போர்வையாகப் போட்டுக்கொண்டு நழுவுகிறது. இது மட்டும் போதாதென்று, கிருமியின் மேற்புறத்தில் வேறு சில புரதங்கள், சற்று முன் சொன்ன ஃபாக்டர் எச்சைப் பிடித்துக்கொள்கின்றன. நம்முடைய வில்லையையே திருடிக் குத்திக்கொண்டு, தோட்டத்து ஆள் போல நடக்கிறது! காம்ப்ளிமெண்ட் காவல் அதை விட்டுவிடுகிறது.

ஆயினும் உடம்பு ஏமாந்தே இருக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் ஓஸ்ப்-சி சட்டைக்கு எதிரான எதிர்ப்பொருள் வந்துவிடும். அந்தச் சட்டையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்கும் கிருமிகள் எல்லாம் மடிகின்றன. இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போவதற்குக் காரணம் மூன்றாவது ஒரு புரதம். அதன் பெயர் வி.எல்.எஸ்.ஈ. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் அது செய்யும் வேலை நம் வீட்டுப் பெண்களுக்கு உடனே விளங்கும்.

ஒரு தாயிடம் உடுத்துகிற சட்டை ஒன்றே ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் பதினைந்து பழைய துணிகள் இருக்கின்றன. அந்தப் பதினைந்தும் சட்டை அல்ல, வெறும் துணி. தனியாக உடுத்த முடியாது. அவள் ஒரு துணியிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சட்டையின் தோளில் வைத்துத் தைக்கிறாள். மறுநாள் வேறு துணியிலிருந்து ஒரு துண்டு, முதுகில். அதற்கடுத்த நாள் மூன்றாவது துணியிலிருந்து, கையில். சட்டை ஒன்றுதான், ஆனால் ஒரு வாரத்தில் பார்த்தால் பழைய சட்டை என்று யாரும் சொல்ல முடியாது. லைம் கிருமி செய்வது இதையேதான். சட்டையைத் தைக்கும் குறிப்பு ஒரு மரபணுவில் எழுதியிருக்கிறது. அதன் பக்கத்திலேயே பேசாமல் கிடக்கும் பதினைந்து மரபணுத் துண்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து எழுத்துகளைப் படியெடுத்து, வேலை செய்யும் மரபணுவின் நடுவில் ஒட்டுப் போடுகிறது. அதிசயம் என்னவென்றால், எத்தனை ஒட்டுப் போட்டாலும் பெட்டியில் இருக்கும் துணி குறைவதில்லை. படிதான் எடுக்கிறதே தவிர வெட்டுவதில்லை. பதினைந்து துணியின் துண்டுகளை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டால் எண்ணி மாளாது.

இதை 1997இல் வெளிப்படுத்தியது டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் ஸ்டீவன் நோரிஸ் என்பவரின் குழு. எலிக்கு ஒரே சட்டை போட்ட கிருமிகளைச் செலுத்தினார்கள். நான்காம் நாளிலேயே ஒட்டுப் போடும் வேலை தொடங்கிவிட்டது. 28 நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், பழைய சட்டையில் ஒரு கிருமியும் இல்லை. கண்ணாடிக் குழாயில் வளர்த்தால் கிருமி சட்டையை மாற்றுவதில்லை. உண்ணிக்குள்ளும் மாற்றுவதில்லை. துரத்துவதற்குக் காவல் உள்ள உடம்புக்குள் போனால் மட்டும் மாற்றுகிறது.

சட்டை மாற்றுவதனால்தான் கிருமி பிழைக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்லலாம்? அதற்கும் ஒரு சோதனை செய்தார்கள். இந்தப் புரதமே இல்லாத கிருமிகளை உண்டாக்கி எலிகளுக்குச் செலுத்தினார்கள். நல்ல எலிகளின் உடம்பில் அந்தக் கிருமிகள் மூன்று வாரத்துக்குள் அழிந்து போயின. நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறந்த எலிகளின் உடம்பிலோ அவை சுகமாக வாழ்ந்தன. காவல் இல்லாத வீட்டில் திருடன் வேஷம் போட வேண்டியதில்லை அல்லவா?

இப்படித் தப்பிய கிருமிகள் மூட்டுக்கும் நரம்புக்கும் இதயத்துக்கும் போகின்றன. இந்தக் கிருமி பாம்பு போல விஷம் கக்குவதில்லை. மூட்டு வீங்குவது, பிடிபடாத எதிரியைத் தேடி நம்முடைய காவலர்கள் நடத்தும் சண்டையினால்தான். ஓல்டு லைம் பிள்ளைகளின் முழங்காலில் நீர் கோத்துக்கொண்டு நின்றது அந்தச் சண்டையின் அடையாளம். சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் கோணிப் போகும். சிலருக்கு இதயத் துடிப்பு தடுமாறும். ஆரம்பத்தில் மருந்து எடுக்காதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மாதங்கள் கழித்து மூட்டு வீக்கம் வந்திருக்கிறது.

பாலி மரே அம்மையாரின் இரத்தத்தைச் சோதித்து 'ஒன்றும் இல்லை' என்றார்களே, நினைவிருக்கிறதா? அப்போது கிருமியே தெரியாது. எதைத் தேடுவது என்றும் தெரியாது. இன்று தெரிந்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. சோதனை தேடுவது எதிர்ப்பொருளை. நோய் கண்ட முதல் வாரங்களில் எதிர்ப்பொருள் போதுமான அளவு உண்டாகியிருக்காது. ஆகையால் நோய் இருந்தும் சோதனையில் 'இல்லை' என்று வரலாம். அந்த நேரத்தில் விரியும் சிவப்பு வட்டத்தைக் கண்ணால் பார்த்தே டாக்டர் மருந்து கொடுக்க வேண்டும். நூறு பேரில் எழுபது எண்பது பேருக்கு வட்டம் தோன்றுகிறது. மற்றவர்களுக்கு அதுவும் தெரிவதில்லை.

இந்த இடத்தில் சொல்லத்தக்க வேடிக்கை ஒன்று உண்டு. எத்தனை ஒட்டுப் போட்டாலும் வி.எல்.எஸ்.ஈ. சட்டையில் மாறாத ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் அது சட்டையின் உள்மடிப்பில் மறைந்திருக்கிறது. கிருமி உயிரோடு இருக்கும்போது எதிர்ப்பொருள் அதைத் தொட முடியாது. கிருமி செத்துச் சிதறும்போது அது வெளியே தெரிகிறது. உடம்பும் அதற்கு எதிர்ப்பொருள் செய்துவிடுகிறது. அந்த எதிர்ப்பொருளால் கிருமிக்குத் தீங்கு இல்லை. ஆனால் மனிதன் அதையே பிடித்துக்கொண்டு, நோயைக் கண்டறியும் சோதனை ஒன்றை உண்டாக்கிவிட்டான். காவலுக்கு உதவாதது துப்பறிவதற்கு உதவிற்று.

மருந்துக்கு இந்தச் சட்டை வித்தை செல்லாது. டாக்சிசைக்ளின், அமோக்சிசிலின் போன்ற மருந்துகள் சட்டையைப் பார்ப்பதே இல்லை. கிருமி உள்ளுக்குள் புரதம் செய்வதை ஒன்று நிறுத்துகிறது. அதன் சுவரைக் கட்டவிடாமல் மற்றது தடுக்கிறது. ஆரம்பத்திலேயே கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிறது. அமெரிக்காவில் 2010 முதல் 2018 வரை ஆண்டுக்கு 4,76,000 பேர் அளவில் இந்த நோய்க்காகச் சிகிச்சை பெற்றதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் மதிப்பிட்டது.

வருமுன் காக்க ஊசி இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. வி.எல்.எஸ்.ஈ.க்கு எதிராக ஊசி செய்து பயனில்லை; அது நாளுக்கு நாள் மாறுகிறது. ஓஸ்ப்-சி ஊருக்கு ஊர், வகைக்கு வகை வேறுபடுகிறது. ஆகவே விஞ்ஞானிகள் கிருமி உண்ணிக்குள் போட்டிருக்கும் ஓஸ்ப்-ஏ சட்டையைக் குறிவைத்தார்கள். உண்ணிக்குள் இருக்கும் சட்டைக்கு மனிதனுக்கு ஏன் ஊசி? ஊசி போட்டவர் இரத்தத்தில் ஓஸ்ப்-ஏக்கு எதிரான எதிர்ப்பொருள் நிறைந்திருக்கும். உண்ணி அந்த இரத்தத்தைக் குடித்தால் எதிர்ப்பொருளும் கூடவே அதன் வயிற்றுக்குள் போகும். கிருமி சட்டை மாற்றிக்கொள்வதற்கு முன்பே, உண்ணியின் குடலுக்குள்ளேயே அதைக் கொன்றுவிடும். மனிதன் உடம்பில் நடக்க வேண்டிய போர், உண்ணியின் வயிற்றில் நடந்து முடிந்துவிடும். நோய்த் தடுப்பில் இப்படி ஒரு யோசனையை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

1998 டிசம்பரில் அந்த ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூன்று முறை போட்டுக்கொண்டால் நூற்றுக்கு 76 அளவுக்குப் பாதுகாப்பு. ஆனால் ஊசியே மூட்டுவலியைத் தருகிறது என்று பேச்சுக் கிளம்பிற்று. வழக்குகள் தொடுத்தார்கள். அதிகாரிகள் ஆராய்ந்தபோது அதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் மக்கள் பயந்துவிட்டார்கள். வாங்குவோர் இல்லாமல் 2002இல் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. நாய்களுக்கான லைம் தடுப்பூசி மட்டும் தொடர்ந்து விற்பனையில் இருந்தது. எசமானுக்கு இல்லாத பாதுகாப்பு அவர் நாய்க்குக் கிடைத்தது! ஓஸ்ப்-ஏயையே குறிவைத்து வேறொரு புதிய ஊசியைப் பெரிய அளவில் சோதிக்கும் வேலை 2022இல் தொடங்கிற்று.

நேயர்களே, நம் தோட்டத்து நாய்களின் காதில் கொத்தாகத் தொங்கும் பழுப்பு உண்ணியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது வேறு சாதி. லைம் நோயைப் பரப்புவதில்லை. ஆனால் மேற்புரதத்தை வைத்துக் காவலை ஏய்க்கும் கிருமி நம் நாட்டிலும் ஒன்று உண்டு. லாலான் புல்லிலும் புதரிலும், செம்பனைத் தோட்டத்திலும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி இருக்கிறது. உண்ணிக்கு உறவு, அதைவிடச் சிறியது. அதன் குஞ்சு கடித்தால் வரும் கடுமையான காய்ச்சலுக்கு ஸ்க்ரப் டைஃபஸ் என்று பெயர். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 1920களிலேயே ஃபிளெட்சர், லெஸ்லர் என்ற டாக்டர்கள் இந்தக் காய்ச்சலை ஆராய்ந்து, பட்டணத்து டைஃபஸ் வேறு, புதர்க்காட்டு டைஃபஸ் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள்.

இந்தக் கிருமியின் மேற்புறத்திலும் ஒரு பெரிய புரதம் இருக்கிறது. இது லைம் கிருமியைப் போல ஓர் உடம்புக்குள்ளேயே ஒட்டுப் போட்டு மாறுவதாகத் தெரியவில்லை. ஆனால் வகைக்கு வகை வேறுபடுகிறது. கார்ப், கில்லியம், காட்டோ என்று பெயர் வைத்த வகைகள் பழையவை; அதற்குப் பிறகு இன்னும் எத்தனையோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு வகையால் காய்ச்சல் கண்டு பிழைத்தவரின் எதிர்ப்புச் சக்தி, மற்ற வகைக்கு எதிராகச் சில மாதங்களில் மங்கிவிடுகிறது. அதனால் புதர் வெட்டப் போகிறவருக்கு 'ஒரு தடவை வந்துவிட்டது, இனி வராது' என்ற நிம்மதி கிடையாது. இதற்கு ஒரு நல்ல தடுப்பூசி இன்றுவரை கிடைக்காததற்கும் இந்தப் பல சட்டைகளே ஒரு முக்கிய காரணம்.

மருந்து மட்டும் நெடுநாளாக இருக்கிறது. அதுவும் முதலில் வெற்றி கண்டது நம் கோலாலம்பூரில்தான். 1948இல் அமெரிக்க டாக்டர் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் ஒரு குழு இங்கே வந்து, மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து, குளோராம்பெனிக்கால் என்ற அப்போதைய புது மருந்தை இந்தக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. வாரக் கணக்கில் எரித்த காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கிற்று. பிற்காலத்தில் டாக்சிசைக்ளின் முக்கிய மருந்தாயிற்று. காய்ச்சலோடு வருகிறவரின் இடுப்பிலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ, சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத ஒரு கரும்பொருக்கு இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடுவார்கள். பூச்சி கடித்த இடம் அது. எல்லாருக்கும் அது இருப்பதில்லை. இருந்தாலும் துணி மறைக்கும் இடத்தில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. புதர் வெட்டியதையோ லாலானில் உட்கார்ந்ததையோ கூட வந்தவர் எடுத்துச் சொன்னால், டாக்டர் எங்கே தேட வேண்டும் என்று அறிந்துகொள்வார்.